பனைமரத்தடியில் நின்று பார்த்தவள்

புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாடல்களைப் பாடியவர் நக்கண்ணையார். பெருங்கோழி நாய்கன் மகள் என்பதைத் தவிர அவரைப் பற்றிப் பாடல்களின் கீழுள்ள குறிப்பு வேறெதையும் சொல்வதில்லை. அவர் மனம் வைத்தது சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளியிடம். ஆமூர் மல்லனை மற்போரில் வென்றவன் அந்தக் கிள்ளி. அன்றைய நட்சத்திரம் என்று சொன்னால் தவறில்லை. அவன் ஜெயிப்பானா தோற்பானா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. இவரோ சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் ஜெயிப்பதைத் தன் கண்ணால் பார்க்கிறார். கூழ் குடித்தும் அவனுக்கு எவ்வளவு பெரிய தோள் என்று வியக்கிறார். வளை கழன்றால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். அந்தத் தோளைத் தழுவலாமென்றால் அவையோர் முன் நாணம். தான் நடுங்குவதுபோல இந்த ஊரும் நடுங்கட்டும் என்று ஒரு சாபமும் விடுகிறார்.

வகுப்பில் இந்த மூன்று பாடல்களையும் நடத்தும்போது மாணவிகள் முகத்தில் சிரிப்பு ஓடும். "மேம், இது க்ரஷ்தானே?" என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், க்ரஷ்தான். தமிழில் அதற்குக் கைக்கிளை என்று பெயர். ஆனால் இலக்கணம் இந்தச் சொல்லைப் பெண்ணுக்கு எளிதாகக் கொடுத்துவிடவில்லை. தொல்காப்பியம் கைக்கிளையை விளக்கும்போது ஆணின் பக்கம் நின்றே விளக்குகிறது. பருவம் வராத சிறுபெண்ணிடம் ஓர் ஆண் தானே பேசித் தானே இன்புறுவதுதான் அங்கே கைக்கிளை. ஆண்பாற் கைக்கிளை, பெண்பாற் கைக்கிளை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லப் புறப்பொருள் வெண்பாமாலை வரவேண்டியிருந்தது. அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. பெயர் தெரிந்த ஒருவனை விரும்பிய நக்கண்ணையின் பாட்டு, அதனால் போரும் கொடையும் பேசும் புறநானூற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளை, அங்கேயாவது இருக்கிறது. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது நமக்குக் கிடைத்தவற்றில் இதுவும் ஒன்று: ஒரு பெண் கூட்டத்தில் நின்று ஓர் ஆணைப் பார்த்தாள், பிடித்திருந்தது, சொன்னாள்.

பின்னால் வந்த உலா இலக்கியம் இந்தப் பார்வையைப் பெண்ணிடமிருந்து வாங்கி அரசனின் புகழுக்குக் கொடுத்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில் விக்கிரமசோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவரும் நகர வீதியில் பவனி வருகிறார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்களும் வரிசையாக வந்து நின்று மயங்குகிறார்கள். வளையும் மேகலையும் கழல்கின்றன. தெருவெல்லாம் காதல். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் பெயர் கிடையாது. யாரும், 'இவன் எனக்குப் பிடிக்கவில்லை, பக்கத்துக் குதிரைக்காரன்தான் அழகு' என்று சொல்வதில்லை. எல்லோரும் மயங்கியே ஆகவேண்டும் என்பது ஏற்பாடு. பாட்டியல் நூல்களின் பொதுவான கணக்குப்படி இந்த ஏழு பருவமும் ஐந்து வயதில் தொடங்கி நாற்பதில் முடிந்துவிடுகின்றன. நாற்பத்தைந்தைத் தொடப்போகும் எனக்கு அந்த வீதியில் நிற்கவே இடமில்லை. பேரிளம்பெண்ணுக்குப் பிறகு பெண்ணுக்குக் கண் தெரியாது போலும்.

அரசன் போய் நடிகன் வந்த காலத்துக்கு வருவோம். 1931 மே 11ஆம் தேதி சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' வெளியானது. நாயகி டி.பி. ராஜலட்சுமி, 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானவரும் அவரே. புறநகர் ரயிலும் பேசும்படமும் ஒரே ஆண்டில் வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்களின் வாழ்க்கையில் இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. வீட்டைவிட்டு வெளியே வந்து, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் யாருக்கும் அம்மாவாகவோ மகளாகவோ இல்லாமல் இருக்க ஓர் இருக்கையைத் தந்தன.

'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பார்க்கப் பெண்கள் திரண்டார்கள், மயங்கினார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தப் பெண்கள் அதைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடினால் கைக்கு எதுவும் அகப்படுவதில்லை. அவருடைய குரல் பிடித்ததா, கிராப்பு பிடித்ததா, படம் விட்டு வீடு திரும்பிய அன்று என்ன சமைத்தார்கள், கணவர் என்ன கேட்டார்? உலாப் பெண்களைப் போலவே இவர்களும் பெயரில்லாமல் மயங்கி, பெயரில்லாமல் கலைந்துவிட்டார்கள்.

ஆண்களின் ரசனைக்கு ஆவணம் உண்டு. மன்றம் உண்டு, தலைவர் செயலாளர் உண்டு, சுவரொட்டியில் பெயர் உண்டு. 1980களில் மதுரையில் கள ஆய்வு செய்த சாரா டிக்கி, 1993இல் வெளியான தம் நூலில் ரசிகர் மன்றங்கள் ஏறத்தாழ முழுக்க இளைஞர்களாலானவை என்று காட்டுகிறார். எம்.ஜி.ஆருக்குப் பெண்களிடம் இருந்த செல்வாக்கைப் பற்றி 1992இல் எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன் தொடங்கி எல்லோரும் பேசினார்கள். அந்தப் பெண்கள் எண்ணப்பட்டது பெரும்பாலும் வாக்காக. பிடித்த நடிகைக்கு ஆண்கள் திருச்சியில் கோயிலே கட்டினார்கள். அதே குஷ்பு 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு கருத்துச் சொன்னதும் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்யும்வரை அவர் அலைய வேண்டியிருந்தது. சிலையாக நிற்கும்வரைதான் அந்தப் பக்தி.

பெண்களின் ரசனை வேறு இடங்களில் பதிவானது. 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு கடைத்தெருவில் நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று எல்லாம் நதியாவானது. ஒரு பெண்ணைப் பார்த்துப் பெண்களுக்கு வந்த மோகம் அது. அவளைப் போல் ஆகவேண்டும் என்பதற்கும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கும் நடுவில் கோடு போட முடியாது. ஃபேன்ஸி ஸ்டோரின் கண்ணாடிப் பெட்டிதான் அந்த மோகத்தின் காப்பகம். தோல் தேய்ந்த ரெக்ஸின் பை, பாட்டுப் புத்தகம், வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பக்கத்து வீட்டில் பிடித்த இடம் ஆகியவையும் அதில் சேரும். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போனவையும் இவைதான்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததில்லை. 1926 ஆகஸ்டில் ருடால்ஃப் வாலண்டினோ இறந்தபோது நியூயார்க் தெருக்களில் ஆயிரக்கணக்கில் கூடிய பெண்களைப் பத்திரிகைகள் பித்துப் பிடித்தவர்கள் என்றன. திரைப்படம் ஆணின் கண்ணால் பெண்ணைப் பார்க்கிறது என்று லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையை நாமெல்லோரும் படித்திருக்கிறோம். அப்படியானால் வாலண்டினோவைப் பார்த்த பெண்களின் கண்ணை என்ன செய்வது என்று மிரியம் ஹான்சன் பிறகு கேட்டார். பீட்டில்ஸைப் பார்த்து அலறிய சிறுமிகளின் அலறலில், அடங்கியிருக்கச் சொன்ன சமூகத்துக்கு எதிரான ஒரு கிளர்ச்சி இருந்தது என்று பார்பரா எரன்ரைக்கும் அவருடைய தோழிகளும் 1986இல் எழுதினார்கள். கூச்சலுக்குள் பேச்சு இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெண்களே வரவேண்டியிருந்தது.

நான் இருப்பது மேடவாக்கத்தில். ஏரியும் வயலுமாக இருந்த ஊர். ஒரு பக்கம் தாம்பரம் சானடோரியத்தின் ஏற்றுமதி வளாகம், இன்னொரு பக்கம் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள், நடுவில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். வேளச்சேரி, தாம்பரம், சோழிங்கநல்லூர், பரங்கிமலைச் சாலைகள் கூடும் இடம் என்பதால் வேலைக்குப் போகும் பெண்கள் இங்கே நிறைய. சந்துக்குச் சந்து லேடீஸ் ஹாஸ்டல். மாலை ஏழு மணிக்குக் கூட்ரோட்டில் நின்றால் நகரத்தின் சின்ன இன்பங்களைக் கண்ணால் எண்ணலாம். ஒரே இயர்போனின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நிற்கும் இருவர். பானிபூரித் தள்ளுவண்டியில் "அண்ணா, இன்னும் கொஞ்சம் காரம்" என்று கேட்கும் அடையாள அட்டைக்காரி. ஷேர் ஆட்டோவின் பின்னிருக்கையில் செல்பேசியில் நடிகனின் ரீல்ஸை இரண்டாம் முறை தள்ளிப் பார்க்கும் ஓர் அம்மா. 2000இல் 'அலைபாயுதே' வந்தபோது எங்கள் விடுதியில் மாதவன் படம் ஒட்டாத அலமாரி கிடையாது; அந்த மின்சார ரயிலில் மகளிர் பெட்டியைத் தவிர்த்துப் பொதுப் பெட்டியில் ஏறிப் பார்த்தவர்களும் உண்டு. மாதவன் வரவில்லை. ஆனாலும் ஜன்னலோரம் காற்று நன்றாக இருந்தது.

இந்த இன்பங்கள் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. மேடவாக்கத்தை ஒட்டியே பெரும்பாக்கம் இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய அடுக்குமாடிகள் அங்கே நிற்கின்றன. நகரத்தின் நடுவில் வளர்ந்த பெண்கள் அவர்கள். கடற்கரை, கோயில் திருவிழா, டாக்கீஸ், புடவைக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தவை. இடமாற்றக் கணக்கில் வீட்டின் சதுர அடி இருந்தது; இந்தத் தூரங்கள் இல்லை. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது, எங்கள் குடியிருப்பில் வேலை செய்யும் அக்கா சொன்னார்: "பீச்சுக்குப் போயி எத்தினி நாளாச்சுன்னு நெனச்சிக்கினே இருந்தேன் டீச்சரம்மா. டிக்கெட்டு இல்லன்னதும் ஞாயித்துக்கெழம பொண்ண இட்டுக்கினு கெளம்பிட்டேன்." எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். "சும்மாதான்." பெண்கள் நகரத்தில் சும்மா சுற்றுவதற்கான உரிமை பற்றி மும்பையை வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் ஒரு முழு நூல் எழுதினார்கள். அக்கா அதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்திலிருந்து எட்டாம் வகுப்புச் சிறுமிகள் மூவர் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். சேர்த்து வைத்திருந்த 14,000 ரூபாய் கையில். விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறித் தென்கொரியாவில் பி.டி.எஸ். குழுவினரைப் பார்த்துவிடுவது திட்டம். சென்னைவரை வந்து, தைரியம் குறைந்து, திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் காவலர்கள் கண்டு மீட்டார்கள். அவர்களுக்கு என்னென்ன ஆகியிருக்கலாம் என்று நினைத்தால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும், எனக்கும் கலங்கியது. ஆனால் செய்தியைச் சுற்றி எழுந்த பேச்சு அவர்களுடைய பாதுகாப்போடு நிற்கவில்லை. செல்பேசியைப் பிடுங்கு, கொரியப் பாட்டைத் தடைசெய் என்று போனது. நடிகனின் கட்அவுட்டில் ஏறி விழும் பையனைப் பற்றி ஊர் வருத்தப்படும். அவனுடைய ரசனையையே நோயென்று சொல்லிப் பிடுங்கிவிட நினைக்காது.

இந்தப் பதற்றத்துக்குப் பின்னால் இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணுக்கு யாரைப் பிடிக்கிறது என்பது நம் ஊரில் சாதியின் விவகாரம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றது கௌசல்யாவுக்கு அவரைப் பிடித்திருந்ததால்தான். அடுத்த தெருப் பையனைப் பார்த்துச் சிரிக்கப் பயப்படும் பெண், சியோலில் ஆடும் ஒருவனைப் பார்த்துப் பயமில்லாமல் சிரிக்கிறாள். அவன் எந்தச் சாதி என்று யாரும் கேட்கப்போவதில்லை. எட்டாத தூரம்தான் அவளுக்குப் பாதுகாப்பு. அங்கே அவள் எனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்று தெரிந்துகொள்ளப் பழகுகிறாள். கல்யாணச் சந்தையில் யாரும் அவளிடம் கேட்காத கேள்விக்கு அங்கே விடை எழுதிப் பார்க்கிறாள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு, பெண் ஒருத்தி "பிடிக்கவில்லை" என்று சொல்லக் கற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியாது. திரையில் துரத்தித் துரத்திக் காதலிப்பவனை நேரில் கண்டால் காவல் நிலையத்துக்குப் போவேன் என்று என் மாணவிகளே சொல்கிறார்கள். ரசிப்பவளுக்கு விமர்சிக்கவும் தெரியும்.

இந்த ஆண்டு புறநானூறு முடிந்ததும் ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் உள்ள மூத்த பெண் ஒருவரிடம், உங்களுக்குப் பிடித்த நடிகர் யார், எந்தத் தியேட்டரில், யாரோடு போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். முதலில் பாட்டிகள் பேச மறுத்தார்களாம். பிறகு நிறுத்தவில்லையாம். முப்பத்தெட்டுத் தாள்கள் வந்தன. ஜெமினிக்கு ஒன்பது, சிவாஜிக்கு நான்கு, சரோஜாதேவிக்கு மூன்று. ஒரு பாட்டி நடிகர் யாரையும் சொல்லவில்லை. டிக்கெட் கிழிப்பவர் வெள்ளைச் சட்டையில் நன்றாக இருப்பார் என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பெயர், ஊர், வயது எழுதச் சொல்லியிருந்தேன். அவற்றைத் தைத்துத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறோம், புறநானூறு இருக்கும் அதே அடுக்கில்.