மாடிப்படிக்கு மர உறையிடல்

ஏற்கெனவே உள்ள மாடிப்படியை இடிக்காமல், அதன்மேல் திண்மரப் பலகைகளைப் பொருத்திப் புதுப்பிக்கும் தச்சுமுறை மர உறையிடல் எனப்படும். வட அமெரிக்க வீடுகளில் கம்பளம் விரிப்பதற்கென்றே மலிவான பைன் மரத்தாலோ ஒட்டுப்பலகையாலோ அமைந்த படிகள் மிகுதியாதலால், கம்பளத்தை உரித்தெடுத்ததும் தெரியும் ஆணித் துளைகளையும் பசைக் கறைகளையும் மூட ஓக், மேப்பிள் போன்ற வன்மரங்கள் அங்குப் பயன்படுகின்றன.

கால் வைக்கும் பரப்பு மிதிபலகை எனவும், அதைத் தாங்கிச் செங்குத்தாக நிற்பது ஏறுபலகை எனவும், மிதிபலகை முன்னால் நீளும் விளிம்பு மூக்கு எனவும் வழங்கும். பழைய மூக்கை அறுத்துச் சமன்செய்து, கிறீச்சிடும் பலகைகளைத் திருகாணியால் இறுக்கிய பின்னரே புதியது அமரும்.

இதில் பெரிதும் கவனிக்கவேண்டியது உயரக் கணக்கே. எல்லாப் படிகளிலும் 19 மி.மீ. பலகை ஏறினால், முதற்படியின் ஏற்றம் அவ்வளவு கூடி, மேல்தளத்தை எட்டும் கடைசி ஏற்றம் அவ்வளவே குறைய, இரண்டுக்கும் 38 மி.மீ. வேறுபாடு விழுகிறது; அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டுக் குடியிருப்பு நெறிமுறை ஒரே படிவரிசையில் ஒப்புவதோ 9.5 மி.மீ. மட்டுமே. பழகிய உயரத்தை எதிர்பார்த்து இறங்கும் கால் இங்குத்தான் இடறும் என்பதால், இரு தளங்களின் தரையையும் அதே அளவு உயர்த்துவதே நேரிய தீர்வு.

சுவர்கள் பெரும்பாலும் செங்கோணத்தில் நில்லாமையால், ஒவ்வொரு படிக்கும் தனி அச்சுத்தகடு எடுத்தே பலகை அறுக்கப்படுகிறது. மரம் ஈரப்பதத்துக்கேற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்குமாதலால், அறுப்பதற்குச் சில நாள் முன்பே அது அவ்வீட்டின் காற்றில் பழக வைக்கப்படும்.