கூரையின் கீழ்ப் பந்தாட்டம்

பேரரசுகளின் வரலாற்றை எழுதுவோர் பலர். சிற்றூர்களின் வரலாற்றை எழுதுவோர் சிலர். விளையாட்டுலகிலும் இதுவே வழக்காயிற்று. பல்லாயிரவர் கூடும் பெருந்திடல்களில் நிகழும் ஆட்டங்களைப் பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன. ஒரு சிறு பட்டணத்து மண்டபத்திலே, சில ஆயிரம் பேர் முன்னிலையிலே, சொற்பக் கூலிக்கு ஆடிய இளைஞர்களையும் அவர்களைத் தாங்கிய கழகங்களையும் நினைப்பார் அரியர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கூரையின் கீழ் ஆடப்படும் உதைபந்தாட்டத்தின் கதை அத்தகையது. 1987 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே எத்தனையோ லீக்குகள் எழுந்தன; எழுந்த வேகத்திலேயே பல விழுந்தன. ஆயினும் சில குழுக்கள் மட்டும் தம்மைச் சுற்றி யாவும் சரியவும் தாம் சரியாது நின்றன. விழுந்தவை ஏன் விழுந்தன, நின்றவை ஏன் நின்றன என்பதை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் கோவில் வீதியிலும் கல்லூரித் திடலிலும் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. றகர் ஆட்டத்துக்கே அது நெருங்கிய உறவு. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும் எதிரியின் எல்லைக்கோட்டைக் கடத்தலே அதன் குறிக்கோள். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். திடலின் நீளம் எல்லைக்கோட்டுக்கு எல்லைக்கோடு 100 யார். அகலம் 53 யாருக்குச் சற்று மேல். இத்துணைப் பெரிய திடலைக் கூரையின் கீழ்க் கொண்டுவரலாம் என எவரும் எளிதில் எண்ணார். ஆனால் குளிரும் பனியும் மனிதனை எண்ண வைத்தன.

1902 ஆம் ஆண்டு டிசெம்பரிலே நியூயோர்க் நகரத்து மடிசன் ஸ்குவயார் கார்டன் என்னும் மண்டபத்தில், திடலைச் சுருக்கி ஒரு போட்டி நடத்தினர். சிராக்கியூஸ் குழு அதிலே வென்றது. அடுத்த ஆண்டும் அப்போட்டி நிகழ்ந்தது; அத்தோடு நின்றுபோயிற்று. பின்னர் 1932 டிசெம்பர் 18 ஆந் திகதி சிக்காகோவிலே கடும் பனி பெய்தமையால், தேசிய லீக்கின் முதலிடத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தையே மண்டபத்துக்குள் மாற்ற நேர்ந்தது. சேர்க்கஸ் கூட்டத்தாருக்காகப் பரப்பப்பட்ட மண்மீதே வீரர்கள் ஆடினர். திடலின் நீளம் 80 யாராகக் குறுகியது. சிக்காகோ பெயார்ஸ் குழு 9-0 என்ற கணக்கில் போட்ஸ்மத் குழுவை வென்றது. நெருக்கடியால் நேர்ந்த அவ்வோர் ஆட்டம் 1933 ஆம் ஆண்டின் விதி மாற்றங்களுக்கு வழிகோலிற்று. பக்கச் சுவரை ஒட்டிப் பந்து நின்றுவிடாதபடி அதனை உள்ளே கொணர்ந்து வைக்கும் முறை, அன்று மண்டபத்திற் கற்ற பாடமேயாம். இடுக்கண் சில வேளை நல்லாசிரியனாகின்றது.

ஆயினும் கூரையின் கீழ் ஆடுவதற்கென்றே தனியாக ஓர் ஆட்டம் பிறக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1981 பெப்ரவரி 11 ஆந் திகதி ஜேம்ஸ் பொஸ்டர் என்பார், அதே பெயர் பூண்ட பிந்திய மடிசன் ஸ்குவயார் கார்டன் மண்டபத்தில், நாமறிந்த உதைபந்தாட்டத்தின் உள்ளரங்கப் போட்டியொன்றைக் கண்டுகொண்டிருந்தார். அவர் தேசிய லீக்கின் விளம்பரப் பகுதியிலே பணியாற்றியவர். இவ்வாட்டத்தை மண்டபத்துள் ஆடக்கூடுமாயின் அமெரிக்க உதைபந்தாட்டத்தை ஏன் ஆடக்கூடாது என்ற வினா அவருள்ளத்தில் எழுந்தது. கையிலிருந்த கடித உறையின் மேலேயே திடலை வரைந்தார். பனிக்கட்டி ஹொக்கி ஆடும் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. அதனுள் அடங்குமாறு 50 யார் நீளத் திடல், பக்கத்துக்கு எண்மர், ஓரங்களிலே மெத்தை பொதிந்த சுவர், இரு முனைகளிலும் கோற்கம்பங்களின் இருபுறத்தே உயர்ந்த வலைகள். வலையிற் பட்டு மீளும் பந்தும் ஆட்டத்தில் உள்ள பந்தே. இதனால் ஆட்டம் விரைவும் வியப்பும் உடையதாயிற்று.

இவ்வெண்ணத்தின் சிறப்பு விதிகளில் மட்டுமன்று, சிக்கனத்திலும் இருந்தது. அமெரிக்கப் பட்டணங்கள் பலவற்றிலே ஹொக்கிக்கும் கூடைப்பந்துக்கும் கட்டிய மண்டபங்கள் உள. மாரிகாலம் கழிந்ததும் அவை வெறுமையாய்க் கிடக்கும். புதுத் திடல் அமைக்கவேண்டியதில்லை. பனிக்கட்டித் தளத்தின்மேற் செயற்கைப் புல்லை விரித்தாற் போதும். வீரர் தொகையும் குறைவு. பெருநகரங்களின் குழுக்களைக் கனவிலும் பெறவியலாத சிறு பட்டணங்களுக்கு இவ்வாட்டம் கைக்கெட்டும் கனியாயிற்று.

1986 ஏப்பிரல் 26 ஆந் திகதி இலினோய் மாநிலத்து றொக்போட் என்னும் ஊரிலே பரீட்சார்த்தமாக ஓர் ஆட்டம் நிகழ்ந்தது. 1987 யூன் 19 ஆந் திகதி பிற்ஸ்பேர்க், வாஷிங்டன், டென்வர், சிக்காகோ என்னும் நான்கு நகரக் குழுக்களோடு ‘அரீனா’ லீக் பிறந்தது. முதலாட்டத்திலே பிற்ஸ்பேர்க் 48-46 என்ற கணக்கில் வாஷிங்டனை வென்றது. ஓகஸ்ட் முதலாந் திகதி நிகழ்ந்த இறுதியாட்டத்திலோ டென்வர் 45-16 எனப் பிற்ஸ்பேர்க்கை வென்று முதற் கிண்ணத்தைப் பெற்றது.

பொஸ்டர் தமது ஆட்டமுறைக்கு 1990 இல் அரசாங்கத்தின் காப்புரிமையும் பெற்றார். மீள்வலையும் அதனுள் அடங்கியது. 1998 முதல் போட்டி லீக்குகள் தலைகாட்டியபோது, அவை வலையின்றியே ஆட வேண்டியிருந்தன. 2007 இல் காப்புரிமை காலாவதியான பின்னும் அவற்றுட் பல வலையை நாடவில்லை. வலையின்றி ஆடுதல் அவற்றின் மரபாகிவிட்டது. தடையாக வந்தது அடையாளமாக மாறிய விந்தை இது.

இனிச் சிறு லீக்குகளின் பெருக்கத்தை நோக்குவோம். 1999 இல் ‘உள்ளரங்க உதைபந்தாட்ட லீக்’ தோன்றி 2000 உடன் மறைந்தது. 2000 இலே அரீனா லீக்கினர் சிறு பட்டணங்களுக்கென இரண்டாந்தர லீக் ஒன்றை 15 குழுக்களுடன் அமைத்தனர். ஈராண்டுகளில் அது 34 குழுக்களாகப் பெருகிற்று. 2001 இல் ‘தேசிய உள்ளரங்க லீக்’ எழுந்தது. அதனின்று பிரிந்த உரிமையாளர்கள் 2005 இல் ‘ஐக்கிய உள்ளரங்க லீக்’கை நிறுவினர். அதுவும் வேறொன்றும் இணைய, 2009 இல் மீண்டும் ‘உள்ளரங்க உதைபந்தாட்ட லீக்’ என்ற பழம்பெயரிலேயே ஒரு புது லீக் ஆடத் தொடங்கிற்று. பெயர்களைக் கேட்போருக்குத் தலைசுற்றும்; ஆடியவர்களுக்கும் சுற்றியிருக்கும்.

ஏன் இத்துணை விரைவான வீழ்ச்சி? காரணம் ஆழமானதன்று. புதிய குழு ஒவ்வொன்றும் லீக்கிற் சேர்வதற்குக் கட்டணம் செலுத்தும். ஆதலின் குழுக்களைக் கூட்டுவதே வருவாய்க்கு எளிய வழியாகத் தோன்றும். ஆனால் பணமும் மண்டபமும் உறுதியில்லாத குழுவொன்று பருவத்தின் நடுவே கலைந்தால், அதனோடு ஆடவிருந்த ஏனைய குழுக்கள் யாவும் ஆட்டத்தையும் நுழைவுச்சீட்டு வருவாயையும் இழக்கும். ஒரு கல் பெயர மதிலே சரியும். தேசிய உள்ளரங்க லீக் 2007 ஆம் ஆண்டு இவ்வாறே நடவாத ஆட்டங்களோடு முடிவெய்திற்று.

தாய் லீக்காகிய அரீனாவும் இதற்கு விலக்கன்று. 2003 இல் பெருந் தொலைக்காட்சி நிறுவனமொன்று அதன் ஆட்டங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. பெருஞ்செல்வர் குழுக்களை வாங்கினர். செலவு வருவாயை மிஞ்சிற்று. 2008 டிசெம்பரில் அடுத்த ஆண்டின் போட்டிகள் கைவிடப்பட்டன. 2009 இல் லீக் கடன்தீர்க்க வகையற்று நீதிமன்றை நாடியது. இரண்டாந்தர லீக்கின் பெரும்பங்கும் அதன் கையிலேயே இருந்தமையால், ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த அதுவும் அவ்வாண்டோடு ஒழிந்தது. தாய்மரம் சாய்ந்தபோது நிழலில் நின்ற கன்றும் நசுங்கியது. 2010 இல் எஞ்சிய குழுக்கள் கூடி அரீனாவுக்கு உயிரூட்டின; 2019 இல் அது மீண்டும் விழுந்தது. 2024 இல் 16 குழுக்களுடன் மறுபடி எழுந்தது. சில வாரங்களுள்ளேயே குழுக்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. அகலக்கால் வைத்தலின் தீமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவு நிலையற்ற உலகிலே இளைஞர்கள் ஏன் ஆடினர்? ஓர் ஆட்டத்துக்குச் சில நூறு டொலரே கிடைக்கும் இடத்தில் அவர்களைக் கட்டிவைத்தது நம்பிக்கையே. கேட் வோர்ணர் என்பாரின் வாழ்வு இதற்கு விளக்கம். 1994 இலே தேசிய லீக்கின் கிறீன் பே குழு அவரைப் பயிற்சிக் காலத்திலேயே விலக்கிற்று. அயோவா மாநிலத்திலே பலசரக்குக் கடையொன்றில், மணிக்கு 5 டொலர் 50 சதம் கூலிக்குத் தட்டுகளிற் பொருள் அடுக்கினார். 1995 இல் அயோவா பார்ன்ஸ்டோமர்ஸ் என்னும் அரீனாக் குழு அவரை அழைத்தது. சிறிய திடலிலே பந்து எறிபவனுக்குச் சிந்திக்க நேரமில்லை. கண் கண்டதும் கை எறிய வேண்டும். அப்பயிற்சி அவரைக் கூர்மையாக்கிற்று. 1996, 1997 ஆகிய ஈராண்டும் இறுதியாட்டத்துக்குக் குழுவை இட்டுச்சென்றார், இருமுறையும் தோல்வியே. ஆனால் 2000 சனவரி 30 ஆந் திகதி தேசிய லீக்கின் மகா இறுதியாட்டத்தில் சென் லூயிஸ் குழுவுக்காக 414 யார் தூரம் பந்தெறிந்து, 23-16 என வெற்றியும் ஆட்டநாயகன் விருதும் பெற்றார். 2017 இல் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்திலே அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அவர் ஆடிய அயோவாக் குழு 2000 உக்குப் பின் நியூயோர்க்குக்குப் பெயர்ந்தது. ஆயினும் அவ்வூரார் பெயரை விட்டாரல்லர். அப்பெயரிலேயே மீண்டும் அமைந்த குழு, 2018 இலே சிறு லீக்கொன்றின் கிண்ணத்தை வென்றது.

நிலைத்து நின்ற குழுக்களுள் முதலிற் சொல்லத்தக்கது நெப்ராஸ்கா மாநிலத்து ‘ஒமாகா பீவ்’. பீவ் என்பது மாட்டிறைச்சி. சைவாசாரம் பேணும் எமது பெரியோரின் செவிக்கு இப்பெயர் இனிக்காது என்பதை அறிவோம். எனினும் அப்பெயரில் அவ்வூரின் வரலாறே அடங்கியுள்ளது. 1955 இலே சிக்காகோவையும் முந்தி, நாட்டிலேயே மிகப்பெரிய கால்நடைச் சந்தையாக ஒமாகா விளங்கிற்று. அச்சந்தை 1999 இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அத்தொழிலின் பெயரைத் தாங்கி இக்குழு களத்தில் இறங்கியது. 2000 முதல் 2024 வரை அது சேர்ந்து ஆடிய லீக்குகள் ஏழு. ஒரு லீக் மறையும். குழு வேறொன்றிற் சேரும். நகர மண்டபத்தில் ஆடிய காலமும் உண்டு. அதன்பின் அயலூராகிய றால்ஸ்ரன் மண்டபத்துக்குப் பெயர்ந்ததும் உண்டு. வண்டி மாறிற்று, பயணம் நிற்கவில்லை.

2010 ஆம் ஆண்டுக் கணக்கின்படி 153,888 மக்களே வாழ்ந்த சூ போல்ஸ் நகரத்து ‘ஸ்ரோம்’ குழுவும் இத்தகையதே. அது 2005 முதல் 2008 வரை நான்கு முறையும், 2011 முதல் 2016 வரை ஆறு முறையும் தொடர்ந்து கிண்ணம் வென்றது. பெருநகரங்களிற் பல குழுக்கள் மூன்றாண்டு தாங்காத காலத்தில் இச்சாதனை நிகழ்ந்தது.

மொன்ரானா மாநிலத்து பில்லிங்ஸ் நகரத்தின் கதை நெஞ்சை நெகிழ்விப்பது. அதன் ‘அவுட்லோஸ்’ குழு 2009 இல் வாகை சூடியது. 2010 யூன் 20 ஆந் திகதி, பருவம் முடியுமுன்னரே, சுழற்காற்றொன்று அவர்களது மண்டபத்தின் கூரையைப் பிய்த்தெறிந்தது. வீடிழந்த அக்குழு அவ்வாண்டும் கிண்ணத்தை வென்றது! ஆனால் ஆட மண்டபம் இல்லாமையால் அத்துடன் கலைந்தது. வெற்றியும் ஒரு கழகத்தைக் காப்பாற்ற மாட்டாது. நிற்க ஓர் இடம் வேண்டும். பின்னர் மண்டபம் செப்பனிடப்பட்டது. ஊரார் மறவாத அப்பெயரிலே புதுக்குழு அமைந்தது. 2024 இல் சரிந்துகொண்டிருந்த அரீனா லீக்கின் இறுதியாட்டத்தில் வென்றது அப்புதுக்குழுவே.

இவற்றால் நாம் அறிவது யாது? லீக் என்பது ஏட்டிலே கையெழுத்தால் அமைவது. குழு என்பது ஊரிலே வேர்விட்டு வளர்வது. ஏட்டை எவரும் கிழிக்கலாம். வேரைப் பிடுங்குதல் எளிதன்று. வாரந்தோறும் நுழைவுச்சீட்டு வாங்கி வரும் குடும்பங்கள், உறுதியான ஒரு மண்டபம், வரவுக்குள் அடங்கிய செலவு என்னும் இம்மூன்றும் உள்ள குழு லீக்குகள் ஏழு மாறினும் நிற்கும். இவை இல்லாத குழுவைத் தொலைக்காட்சியும் பெருஞ்செல்வரும் கூடிநின்று தாங்கினும் தாங்கவியலாது.

வாலிபர் சங்கமொன்றின் மலரிலே இவ்வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கும் காரணம் இதுவே. சங்கங்களை அவற்றின் கிளைகளின் தொகையாலும் விழாக்களின் ஆரவாரத்தாலும் அளப்பது இளைஞராகிய எமக்கு இயல்பு. எத்தனை ஆண்டு விளக்கணையாது இருந்தது, வேறிடத்தில் விலக்கப்பட்ட எத்தனை பேருக்கு இடங்கொடுத்தது என்று அளப்பது பெரியோர் இயல்பு. இரண்டாவது அளவே மெய்யான அளவு என்பதைக் கடல்கடந்த இச்சிறு கழகங்கள் எமக்கு உணர்த்துகின்றன. தேர் பெரிதாயிருத்தல் அழகே. ஆயினும் ஊர் கூடி வடம் பிடித்தாலன்றி அது நகராது. சிறு தேராயினும் ஆண்டுதோறும் தவறாது வீதிவலம் வந்து இருப்பிடம் சேருமாயின், அதுவே அவ்வூருக்குப் பெருமை.