சக்கரம் சொன்ன சாட்சி

சைக்கிளுக்கு ஜாதகம் கணிக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், இரண்டு மாதத்துக்கு முன்பு நான் சிரித்திருப்பேன். கொடுமுடிக்குப் போய் வந்த பிறகு சிரிப்பதில்லை.

அங்கே என் மாமா இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய ராலி சைக்கிள் நிற்கிறது.

"1942-ல எங்கய்யன் இதுலதான் சுதந்திரக் கூட்டத்துக்கெல்லாம் போனாரு. பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கப் போறேன். அதை ஒரு அட்டையில எழுதிக் குடு, மாப்பிள்ளை" என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு இது என்ன பிரமாதம்? பேனாவைத் திறந்துவிட்டேன். ஆனால் பிள்ளைகள் படிக்கப் போகிற அட்டை அல்லவா? சாட்சி வேண்டுமே!

முதல் சாட்சி, ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் பதித்த சின்னம். ராலிக்குக் கொக்கின் தலை. பி.எஸ்.ஏ.வுக்கு மூன்று துப்பாக்கிகள். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்து பிழைத்த கம்பெனி அது. ரட்ஜுக்கு விரித்த கை. ஆயினும் சின்னத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஹம்பர் சைக்கிளை 1932-லும் ரட்ஜை 1943-லும் ராலி கம்பெனி வாங்கிக்கொண்டது. பிறகு சின்னங்கள் வேறு, பிறந்த வீடு ஒன்று. தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் பொருத்துகிறவர்களும் உண்டு.

இரண்டாம் சாட்சி, ஊர்ப் பெயர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1951-ல் ஹெர்குலிஸும், வங்காளத்து அசன்சாலில் 1952-ல் ராலியும் தயாராகத் தொடங்கின. ஆகவே, இந்தியாவில் செய்தது என்று பொறித்த ராலி 1942-ஐப் பார்த்திருக்க முடியாது. மாமாவின் வண்டியில் நாட்டிங்ஹாம் என்றிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

இங்கிலாந்தில் சிறு பட்டறைகள் கையால் செய்த இலேசான சைக்கிள்களுக்கும் இப்படித்தான் வயது பார்க்கிறார்கள். ரெனால்ட்ஸ் 531 என்ற குழாய் வந்தது 1935-ல். அந்தக் குழாயால் செய்த சட்டம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பின்பக்கக் குழாய்கள் கொடிபோல வளைந்திருந்தால் லண்டன் ஹெட்சின்ஸ் பட்டறையை நினைக்கலாம். சின்னம் உதிர்ந்தாலும் வளைவு உதிராது.

மூன்றாம் சாட்சிதான் வினை. மாமாவின் சைக்கிளுக்கு மூன்று வேகம். பின் சக்கரத்து ஹப், ஸ்டர்மி ஆர்ச்சர் செய்தது. அதில் வருஷத்தின் கடைசி இரண்டு எண்களைப் பொறித்துவிடுவார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். 52 என்று தெரிந்தது.

மாமா வெகுநேரம் பேசவில்லை.

"சக்கரத்தைப் பின்னால் மாற்றியிருக்கலாம், மாமா. ஹப் சக்கரத்துக்குத்தான் சாட்சி, முழு வண்டிக்கும் அல்ல" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதில்லை, வாஸ்தவமே அதுதான். ஆனால் 1942 என்று எழுத அந்த வாஸ்தவம் போதாது.

"நாற்பத்திரண்டுல நான் பொறக்கவே இல்ல. எங்காத்தா சொல்லித்தான் தெரியும்" என்றார் மெதுவாக. பிறகு சைக்கிளின் பாரைத் தடவினார். "ஆறேழு வயசுல இதுல உக்காந்து அய்யன்கூட மகுடேசுவரர் கோயில் தேர் பாக்கப் போனேன். அதுவாச்சும் நெசந்தானே?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1952-க்கு அடுத்த ஓரிரண்டு வருஷம்.

அட்டையில் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.