மட்டாஞ்சேரி யூதர்கள்: செப்பேடு முதல் அஞ்சல்தலை வரை

கேரள மாநிலம் கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூத ஜெப ஆலயத்தின் 400ஆவது ஆண்டு விழா 1968ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நடைபெற்றது. அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி இவ்விழாவில் நேரில் பங்கேற்றார். விழாவையொட்டி இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல்தலை ஒன்றையும் வெளியிட்டது. எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு சமூகத்துக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அளித்த சிறப்பு இது. ஆனால், ஆட்சியாளர்களின் அங்கீகாரம் இச்சமூகத்துக்குப் புதிதல்ல.

வட்டெழுத்தில் ஓர் உரிமைச் சாசனம்

சுமார் கி.பி. 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குச் செப்பேடு வழங்கினார். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையுடன் 72 உரிமைகளை அவருக்கு அளித்தது. உல்கு எனப்பட்ட சுங்க வரியிலிருந்தும், துலாக்கூலி எனப்பட்ட எடைக் கட்டணத்திலிருந்தும் விலக்கு, பகல் விளக்கு, பல்லக்கு, குடை ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமை போன்றவை அவற்றில் அடங்கும். பிற்காலத்தில் மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னர் அளித்த நிலத்தில், அரண்மனையை ஒட்டி 1568இல் பரதேசி ஆலயம் எழுந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் என்ற பொருளிலேயே 'பரதேசி' என்ற சொல் இங்கு வழங்குகிறது.

உள்ளே மறுக்கப்பட்ட சமத்துவம்

மன்னர்கள் மதித்த சமூகத்துக்குள்ளேயே ஒரு பிரிவினருக்குச் சம உரிமை கிடைக்கவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் என்று கருதப்பட்டோர், பரதேசி ஆலயத்தில் மற்றவர்களுக்கு இணையாக அமர்ந்து வழிபட அனுமதிக்கப்படவில்லை. அப்பிரிவில் 1882இல் பிறந்தவர் வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சலேம். சென்னையில் சட்டம் பயின்ற இவர், எர்ணாகுளத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். ஆலயத்தில் நிலவிய பாகுபாட்டுக்கு எதிராகச் சத்தியாகிரக வழியில் போராடியதால் 'யூத காந்தி' என அழைக்கப்பட்டார். அவரது போராட்டத்தால் அந்தத் தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன.

கொச்சி சமஸ்தான சட்டமன்றத்தில் 1925 முதல் 1931 வரையும், 1939 முதல் 1945 வரையும் சலேம் உறுப்பினராக இருந்தார். தொழிற்சங்க இயக்கத்துக்கு ஆதரவளித்த அவர், முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929ஆம் ஆண்டு லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார். இஸ்ரேலுக்குக் குடிபெயர விரும்பிய கொச்சி யூதர்களுக்காக அந்நாட்டு அதிகாரிகளுடன் பேச்சு நடத்திய அவர், தாம் மட்டும் கொச்சியிலேயே தங்கி 1967இல் மறைந்தார். மட்டாஞ்சேரி யூதத் தெருப் பகுதியில் உள்ள சாலை ஒன்று இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

விழாவும் உரிமையும்

பிரதமர் வந்து சிறப்பித்த 1968இல், கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர். கடந்த 2017ஆம் ஆண்டு ஜூலையில் இஸ்ரேல் சென்ற பிரதமர் நரேந்திர மோடி, அந்நாட்டுப் பிரதமர் நெதன்யாகுவுக்குக் கேரளச் செப்பேடுகளின் நகல்களைப் பரிசளித்தார். அப்போது மட்டாஞ்சேரியில் எஞ்சியிருந்த யூதர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

அஞ்சல்தலையும் பரிசும் ஒரு சமூகத்தின் நினைவைக் காக்கின்றன. அச்சமூகத்தினரின் அன்றாட வாழ்வுக்குத் துணைநிற்பவை உரிமைகளே. மகாராஷ்டிர அரசு 2016இல் யூதர்களுக்கு வழங்கிய சிறுபான்மையினர் தகுதி அவ்வகையைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செப்பேடும் வெறும் பாராட்டுரையாக நின்றுவிடாமல், வரி விலக்கையும் உரிமைகளையும் பட்டியலிட்டது. ஆலயத்துக்குள் சமமாக அமரும் உரிமையைக் கோரிய சலேம் வலியுறுத்தியதும் அத்தகைய அங்கீகாரத்தையே.