கண்டி அரசி தோனா கத்தரீனா

வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்றொரு நினைவிடம் உண்டு. கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம ராசசிங்கன் 1815-இல் ஆங்கிலேயரிடம் அரசிழந்தான். 1816-இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டான். 1832-இல் அங்கேயே உயிர்நீத்தான். அவன் நினைவைத் தாங்கி நிற்பது அம்மண்டபம். இராமகுப்பத்தில் வாழும் நம் குடும்பத்தார் பலர் குப்பத்தில் இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் போய் வருகின்றனர். எனினும் அம்மண்டபத்தைக் கண்டு வந்தவர் சிலரே. அவ்வரியணைக்கு அவனுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே உரியவளாய் இருந்த ஒரு கிறித்தவ அரசியின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகிறோம்.

அவளது இயற்பெயர் குசுமாசனதேவி. தந்தை கண்டி மன்னன் கரலியத்தே பண்டாரன். சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் கண்டியைக் கைப்பற்றவே, அவன் குடும்பத்துடன் திருகோணமலைக்கு ஓடினான். அங்கே அம்மை நோய்க்கு இரையானான். அநாதையான குழந்தையைப் போர்த்துக்கீசியர் மன்னாரில் வைத்து வளர்த்தனர். 1560 முதல் அவர்கள் கோட்டையாயிருந்த அத்தீவு, தமிழர் வாழ்ந்த முத்துக்குளிப்புக் கரை. அங்கே அவள் கிறித்தவ சமயத்திற் பயின்று, தோனா கத்தரீனா எனப் பெயர் பெற்றாள். பிறந்த மண் ஒன்று, வளர்ந்த மண் வேறு, பெயரும் வேறாயிற்று.

1594-இல் பெத்ரோ லோபசு த சூசா என்னும் தளபதி பெரும் படையுடன் கண்டிக்குச் சென்று அவளை அரியணை ஏற்றினான். மக்கள் முதலில் தம் அரச குலத்துப் பெண்ணை வரவேற்றனர். ஆனால் அவளை ஒரு போர்த்துக்கீசியனுக்கு மணமுடிக்கப் போகின்றனர் என்னும் பேச்சுப் பரவியது. மக்கள் மனம் முறிந்தது. உடன் வந்த சிங்களப் படையினரும் விலகினர். கோனப்பு பண்டாரன் தந்துறையில் போர்த்துக்கீசியப் படையை அழித்தான், தளபதியும் மாண்டான். வென்றவன் அரசியைச் சிறைப்பிடித்து மணந்து, முதலாம் விமலதர்மசூரியன் எனக் கண்டியை ஆண்டான். அரச குலத்து அவளை மணந்ததே அவன் உரிமைக்கு உறுதுணையாயிற்று.

1602-இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் சுபில்பெர்கன் கண்டி வந்தபோது, மன்னன் அவனை அரசியிடமும் பிள்ளைகளிடமும் அழைத்துச் சென்றான். அவர்கள் ஐரோப்பிய உடையணிந்திருந்ததை அவன் கண்டான். புத்தரின் தந்தச் சின்னத்துக்குக் கோயில் எழுப்பிய மன்னனின் அரண்மனையில், மன்னார்ப் பழக்கம் மறையாமலிருந்தது. 1604-இல் மன்னன் இறந்தான். அடுத்து அரசனான செனரதனும் அவளையே மணந்தான். 1612-இல் மூத்த மகனை இழந்தாள். மறு ஆண்டே தானும் மறைந்தாள்.

அவள் வயிற்றிற் பிறந்த இரண்டாம் இராசசிங்கன் 1635 முதல் 1687 வரை ஆண்டான். ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்து 1656-இல் கொழும்பினின்றும், 1658-இல் யாழ்ப்பாணத்தினின்றும் போர்த்துக்கீசியர் அகலக் காரணமானான். தாயைப் பொம்மையாய் அரியணையில் வைத்தவர்கள், மகன் காலத்தில் இலங்கையை விட்டே நீங்கினர். அவள் வழிவந்தோர் 1739 வரை ஆண்டனர். பின்னர் மதுரை நாயக்கர் உறவுவழி வந்தோர் கண்டி முடியை ஏற்றனர். வேலூரில் மறைந்தவன் அவர்களுள் இறுதியானவன்.

இவ்வரலாற்றில் ஒன்று நம் உள்ளத்தை உறுத்துகிறது. பெயரிட்டவர் பிறர், முடி சூட்டியவர் பிறர், இருமுறை மணந்தவரும் தம் உரிமை கருதியே மணந்தனர். 'அம்மா, உன் விருப்பம் யாது?' என்று அவளை ஒருவரேனும் கேட்டதாக வரலாறு கூறவில்லை. தெலுங்கு மண்ணில் தமிழ் பேசி வாழும் நாமும், நம் பெண்களைச் சொந்தம் விடக்கூடாது, ஊர் விடக்கூடாது என்று பேசி முடித்து அனுப்புகிறோம். ஆண்டு விழாவுக்குக் கூடும் பெற்றோர், இவ்வாண்டு வரன் பார்க்குமுன், அந்த ஒரு கேள்வியைத் தம் மகளிடம் கேட்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவெய்தும்.