வலிப்பு நோய் மருந்துகளின் வரலாறு

தில்லைக் கூத்தனின் திருவடிக்கீழ் அழுந்திக் கிடக்கும் முயலகனை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவன் பெயராலேயே நம் முன்னோர் ஒரு நோயையும் அழைத்தனர் என்பதைப் பலர் அறியார். கொல்லி மழவன் மகளை வருத்திய முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞான சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தருளினார் என்று பெரிய புராணம் கூறும். வடமொழி வைத்திய நூல்கள் அபஸ்மாரம் என்பதும், நாம் காக்காய் வலிப்பு என்பதும் இதுவே என்பர். கி.மு. 400-ஐ ஒட்டியே கிரேக்க வைத்தியர்கள், இந்நோய் தெய்வக் குற்றமன்று, மூளையில் தோன்றுவது என்று எழுதி வைத்தனர். எழுதி என்ன பயன்? தக்க மருந்து கிடைக்க இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அம்மருந்து வெளிப்பட்ட நாள், டில்லிவாசிகளாகிய நாம் நன்கறிந்த நாள்: 1857 மே 11. அன்று காலை மீரட்டுச் சிப்பாய்கள் யமுனையின் படகுப் பாலத்தைக் கடந்து இந்நகருள் புகுந்தனர். அதே நாளில் இலண்டன் வைத்தியர் சபையொன்றில், விக்டோரியா மகாராணியாரின் பிரசவ வைத்தியரான சார்லஸ் லோக்காக் என்பார், பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்பைக் கொடுத்ததில், பதினான்கு பதினைந்து பெண்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோருக்கு வலிப்பு நின்றதென எடுத்துரைத்தார். காம உணர்ச்சியே இந்நோய்க்கு வித்து, அதனை இவ்வுப்பு தணிக்கும் என்பது அவர்கால நம்பிக்கை. அது முற்றும் பிழை. ஆயினும் மருந்து பலித்தது. 1870-களின் நடுவில் இலண்டன் நரம்பு மருத்துவமனை ஒன்று மட்டுமே ஆண்டுக்கு இரண்டரை டன் புரோமைடு செலவிட்டதாம். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்த எடை எவ்வளவென்று நன்கு விளங்குகிறது! ஆனால் அது உடலில் தேங்குவது. கொப்புளம், ஓயாத் தூக்கம், மறதி, சிலருக்குச் சித்தப்பிரமை ஆகியவையும் உடன் வந்தன.

அடுத்த மருந்து 1912-இல் ஜெர்மனியில் தோன்றியது. பிரைபர்க் நகரில் ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற இளம் வைத்தியர் நோயாளிகளின் கூடத்துக்கு அருகே குடியிருந்தார். இரவில் அவர்கள் வலிப்புற்று விழும் அரவத்தால் உறக்கம் கெட்டு, அவர்களை உறங்கச் செய்யவே பீனோபார்பிட்டால் கொடுத்தார் என்பர். அவர்கள் உறங்கினர், வலிப்பும் பகலில்கூடக் குறைந்தது. மருந்துக் கடைகளில் கார்டினால் என்று நாம் கேட்டு வாங்குவது இதுவே. உலகுக்கு இவ்வளவு செய்த அவர் யூதராகையால் 1935-இல் பதவி இழந்தார். பின்னர்ச் சிறைமுகாமும் கண்டு, அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்து 1948-இல் மறைந்தார்.

வலிப்பை அடக்கும் மருந்து தூக்கத்தையும் தந்தே தீரும் என்று அதுவரை அனைவரும் நம்பினர். பெனிடாயின் என்ற பொருள் 1908-இலேயே செய்யப்பட்டும், தூக்கம் தரவில்லை என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. பாஸ்டன் நகரின் புட்னம், மெரிட் என்னும் இருவர், பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பு உண்டாக்கி, எப்பொருள் அதனைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தனர். பெனிடாயின் தேறியது, 1938-இல் உலகறிந்தது. வால்ப்ரோயிக் அமிலத்தின் கதையோ இன்னும் வியப்பு. 1963-இல் பிரான்சு நாட்டில் வேறு மருந்துகளைக் கரைக்கும் திரவமாக மட்டும் அதனைப் பயன்படுத்தினர். கரைத்த மருந்துகள் யாவும் வலிப்பை அடக்கக் கண்டு, முடிவில் அக்குணம் திரவத்தினுடையதே என்று உணர்ந்தனர்!

இவை வேலை செய்யும் முறை பின்னரே தெளிவாயிற்று. மூளையின் நரம்பணுக்கள் மின் துடிப்பால் ஒன்றோடொன்று பேசுவன. பலவும் ஒருங்கே கட்டுமீறித் துடித்தால் வலிப்பு. சோடியம் உட்புகும் நுண்வாயில்களை அடக்கி, ஓயாத துடிப்பைப் பெனிடாயின் தடுக்கிறது. மூளைக்கு இயல்பாக உள்ள அடக்கும் ஆற்றலைப் பீனோபார்பிட்டால் பெருக்குகிறது. இவை வலிப்பை அடக்குவனவே அன்றி, நோயின் வேரைக் களைவன அல்ல.

பக்க விளைவுகளும் உண்டு. பெனிடாயினால் ஈறு தடிக்கும். அளவு சிறிதே மிகினும் நடை தள்ளாடும். கார்பமசிபைனால் சிலருக்குத் தோல் கொப்புளித்து உயிருக்கே ஆபத்தாகும். வால்ப்ரோயிக் அமிலம் கருவிலுள்ள குழவிக்கு ஊனம் விளைக்கக்கூடும். ஆகவே மணமான பெண்கள் வைத்தியரிடம் இதனை மறையாது கேட்டறிதல் வேண்டும்.

மறைப்பதுதான் நம் காலனிகளில் வழக்கம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சம்பந்திகள் பார்த்துவிடுவார்களென அஞ்சி, கலியாண வாரத்தில் பெண்ணின் மாத்திரையை நிறுத்திவிட்டனர். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை அவளுக்கு அடுத்தடுத்து மூன்று முறை வலிப்பு கண்டது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாது தொடர்ந்து உயிரையும் பறிக்கக்கூடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயை மணத்துக்குத் தடையாகக் கூறிய சொற்களையே 1999-இல் பாராளுமன்றம் நீக்கிவிட்டதும் அவர்களுக்குத் தெரியாது.

பிளாட்பாரத்தில் எவரேனும் வலிப்புற்று விழுந்தால், சாவிக்கொத்தைத் தேடுகிறது கூட்டம். இரும்புக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. விழுந்தவரை ஒருக்களித்துக் கிடத்தி, தலைக்கு மெத்தென ஏதேனும் வைத்து, வாயில் எதையும் திணியாது, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.