பாணர் குலத்து ஓவியர் ஜங்கர் சிங் ஷியாம்

நமது கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்தம் சரித்திரங்களைத் திரட்டி 1859ஆம் ஆண்டில் 'தமிழ் புளூட்டார்க்' என்னும் நூலாக வெளியிட்டமை இத்தொடரின் வாசகர் அறிந்ததே. ஏட்டில் எழுதியோர்க்கு இவ்வாறு சரித்திரம் வாய்த்தது. சுவரிலே மண் குழைத்துச் சித்திரம் இட்டோர்க்கோ பெரும்பாலும் பெயர்கூட எஞ்சவில்லை. அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள், நோய் தீர்க்கும் சடங்கில் மணலால் வரையும் அற்புத சித்திரங்களைச் சடங்கு முடிந்ததும் தாமே கலைத்துவிடுவர். அங்கே வரைந்தவர் பெயரைக் கேட்பார் யார்?

இந்த வழக்கத்திற்கு மாறாகப் பெயர் நாட்டியவர் ஒருவர் பாரதத்தில் தோன்றினார். மத்தியப் பிரதேசத்துப் பாடன்கர் கிராமத்தில், பிரதான் கோண்டு குலத்திற் பிறந்த ஜங்கர் சிங் ஷியாமே அவர். பாணா என்னும் நரம்புக் கருவியை இசைத்துப் படாதேவ் தெய்வத்தை அழைத்து, புரவலரின் வம்சாவளியைப் பாடிப் பரிசில் பெறுவது பிரதானர் தொழில். நம் சங்ககாலப் பாணரை நினையாமல் இதனைச் சொல்ல இயலாது. புரவலர் வறியராகவே பாடுவோரும் கூலிகளாயினர்.

போபால் நகரில் பாரத் பவன் என்னும் கலை மையம் உருவாகிக்கொண்டிருந்த 1981இல், அதன் கலைக்கூடத்திற்குப் பொறுப்பேற்றிருந்தவரும், சிம்லாவில் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தவருமான ஓவியர் ஜே. சுவாமிநாதன் கிராமங்களுக்கு அனுப்பிய இளைஞர்கள், சுவரோவியம் ஒன்றைக் கண்டு, அதனை வரைந்த வாலிபரான ஜங்கரைத் தேடிப் பிடித்தனர். அவ்வாலிபர் போபால் சென்று, காகிதத்தையும் கடைச் சாயத்தையும் கையாளத் தொடங்கினார். பாட்டிலே மட்டும் வாழ்ந்த தெய்வங்கள் அவர் கையால் உருவம் பெற்றன. அவர் வரைந்த மானை அருகிற் சென்று பார்க்கவேண்டும்: உடல் முழுவதும் நுண்ணிய புள்ளிகளும் கோடுகளும் வரிசை வரிசையாக நிரம்பியிருக்க, கொம்புகள் கிளைத்துக் கிளைத்து மரமாகவே வளர்ந்துவிடும்.

1986இல் மாநில அரசின் சிகர் சம்மான் விருது கிடைத்தது. 1989இல் பாரிஸ் கண்காட்சியிலும் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. போபாலில் அவர் இல்லம் உறவினருக்கெல்லாம் பயிற்சிக்கூடமாயிற்று. அப்பாணியை 'ஜங்கர் கலம்' என்றே இன்று வழங்குகின்றனர். ஆயினும், 2001இல் யப்பானின் மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துவந்த காலத்தில், ஊரையும் உறவையும் பிரிந்திருந்த நிலையில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பதே.

சுவாமிநாதனே அவரை ஆக்கினார் என்பாருளர். எமக்கு அது உடன்பாடன்று. கதவைத் திறந்தவர் சுவாமிநாதன், பாணியைக் கண்டவர் ஜங்கரே. அவர் மருமகன் பஜ்ஜு ஷியாம், லண்டனின் பிக் பென் மணிக்கூண்டைச் சேவலாக்கி வரைந்த நூலைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிட்டியது. சென்னை செல்லும் வாசகர் அந்நூலை வாங்கிப் பார்ப்பாராக.